இந்த மூட்டையை எங்கே கொட்டுவது?

திமிராவது, மண்ணாங்கட்டியாவது! பொன்னுமணிக்குத் திமிர் என்று சொல்லுகிற வாய்கள் முதலில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், போடியில் அந்த ஏலக்காய்க் குடோனில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். வேலை சொல்ல வேண்டியவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். சொல்லாததை எல்லாம் தானாகவே தெரிந்துகொண்டு வேலை செய்து காட்டட்டும். அப்புறம் பேசட்டும். "அண்ணன் பொண்டாட்டியப் பழிவாங்கத்தான் காயக் கலந்துவிட்டா, பிடிபட்டதும் முறுக்கிக்கிட்டு வந்துட்டா" என்று சிலமலைக் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு சொல்வதற்கு நாக்கு ஒன்று போதும், வேறு என்ன வேண்டும்?

பழிவாங்குகிறவள் தன் வயிற்றில் தானே அடித்துக்கொண்டா பழிவாங்குவாள்? அதை ஒருத்தியாவது யோசிக்க வேண்டாமா?

பொன்னுமணி தோட்டத்து வேலை பார்த்தவள். சுருளிக்கு வாழ்க்கைப்பட்டு சிலமலைக்கு வந்த நாளிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். மலைக்குளிரும் மழையும் நெஞ்சில் இறங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஒரு மழைக்காலத்தில் செடிக்குள்ளேயே மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இனி மலை ஏறினால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயல் வேலைக்குக் குனிந்தாலும் மூச்சு முட்டியது. சுருளியோ அதற்கு முன்பே லோடு ஜீப்பு கவிழ்ந்து இடுப்பொடிந்தவன். கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான், அவ்வளவுதான். ஆக, உட்கார்ந்த இடத்தில் கையால் செய்கிற சோலி ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். குடோனில் அந்த இடம் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவளே சுந்தரம்மாள்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. சுந்தரம்மாள் யார்? பொன்னுமணியின் கூடப்பிறந்த அண்ணன் திருப்பதியின் மனைவி. மதினி. அந்தக் குடோனில் காய் பொறுக்குகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் சூப்பர்வைசர். எந்த மூட்டையை யார் பிரிப்பது, எந்தக் காயை எதோடு சேர்ப்பது என்பதை முதலாளி அன்புச்செல்வன் அவளிடம் சொல்வார். அவள் பெண்களிடம் சொல்வாள். எழுதி ஒட்டுகிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. எல்லாம் வாய்ச்சொல்தான்.

ஆரம்பத்தில் அந்த வாய்ச்சொல் எப்படி இருந்தது தெரியுமா? சுந்தரம்மாள் ராசிங்காபுரத்தில் பஸ் ஏறுவாள். பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு வருவாள். சிலமலையில் பொன்னுமணி ஏறியதும் பையை மடிக்கு எடுத்துக்கொள்வாள். "வெரசா உக்காருடி, இந்தச் சீட்டுக்கு ரெண்டு பேருகிட்டச் சண்டை போட்டுட்டு வர்றேன்" என்பாள். குடோனிலும் அப்படித்தான். பொன்னுமணியின் சொளகில், அதாவது முறத்தில், ஒரு வெடித்த காய் கிடந்தால் போதும், "ஏய் குருட்டுச் சிறுக்கி, இது ஒன் கண்ணுக்கு முத்தாட்டமா தெரியுது?" என்று எல்லாரும் கேட்கக் கத்துவாள். பொன்னுமணி சிரித்துக்கொண்டே அதை எடுத்துப் போடுவாள். முகத்துக்கு நேரே வந்த வசவு எதுவும் அவளுக்கு உறைத்ததே இல்லை. மதினி திட்டினால் கை வெரசாக ஓடும். பச்சைக் காய், வெளுத்த காய், வெடித்த காய் என்று குவியல் தானாகப் பிரிந்து விழுவதுபோல இருக்கும். அந்த வரிசையில் சாயங்காலம் முதலில் சொளகைத் தட்டிவிட்டு எழுந்திருப்பவள் அவள்தான்.

பிறகு திருப்பதி பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதுவீடு கட்டினார்.

பால் காய்ச்சுகிற நாளில், அந்த வீட்டில் பிறந்த பெண்தான் வந்து விளக்கேற்ற வேண்டும். அவளை அண்ணனும் மதினியும் வீடு தேடி வந்து, தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டும். சுந்தரம்மாளுக்கோ கொத்தனார், பெயிண்டர், சமையல்காரர் என்று தலைக்கு மேல் வேலை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவளுக்குத் தனியாக அழைப்பு எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ, ஓடுகிற பஸ்ஸில் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டுப் பத்திரிகையை எடுத்து, "இந்தா, வந்துரு" என்று கொடுத்தாள். பத்திரிகையின் ஓரத்தில் புளிக்குழம்பு பட்டிருந்தது.

அதை வீட்டில் பார்த்த சுருளி, "பஸ்சுல வச்சு நீட்டுறதுக்கு நீ யாரு, கண்டக்டரா?" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அது பொன்னுமணியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அன்றைக்கு அவள் போகமாட்டேன் என்று சொன்னவள் இல்லை. தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு எட்டு வந்து 'வா ஆத்தா' என்றால் போதும் என்று உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. சுந்தரம்மாள் தன் தங்கச்சியை விட்டு விளக்கேற்றினாள். வந்த சொந்தமெல்லாம் "எங்க ஒன் நாத்தனா?" என்று கேட்கக் கேட்க, அவள் முகம் கறுத்துப்போனதாம். முறையாக அழைக்கவில்லை என்று இவள் இருந்தாள். வரவில்லை என்று அவள் இருந்தாள். அடுத்த முறை சிலமலையில் பஸ் நின்றபோது சாப்பாட்டுப் பை சீட்டிலேயே இருந்தது. பொன்னுமணி கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போடிக்குப் போனாள்.

பேச்சுவார்த்தை நின்றால் இரண்டு வீடும் தனித்தனியாக இருந்துகொள்ளலாம். ஒரே குடோனில் மேலாளும் கீழாளுமாக இருந்தால் என்ன செய்வது?

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பொன்னுமணிக்குப் பக்கத்தில் முத்துப்பிரியா என்று ஒரு பெண் உட்காருவாள். கலகலப்பானவள். சுந்தரம்மாள் வந்து நின்று, "முத்துப்பிரியா, அங்க சொல்லு, பெரிய காயத் தனியா எடுக்கணும்னு" என்பாள். 'அங்க' என்பது கைக்கெட்டும் தூரம். முத்துப்பிரியா திரும்பி, "அக்கா, பெரிய காயத் தனியா எடுக்கணுமாம்" என்பாள். பொன்னுமணி, "சரின்னு சொல்லு" என்பாள். "சரியாம்க்கா" என்று அது திரும்பிப் போகும். "எனக்கு ரெண்டு சம்பளம் குடுக்கணும், ஒண்ணு காய் பொறுக்க, இன்னொண்ணு தபால் கொண்டுபோக" என்று முத்துப்பிரியா சொல்ல, குடோனே சிரிக்கும். அவர்கள் இருவர் மட்டும் சிரிக்கமாட்டார்கள்.

எப்படியோ சோலி நடந்தது. முத்துப்பிரியாவுக்கு வளைகாப்பு நடத்தித் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் வரை நடந்தது.

அவள் போன வாரத்தில்தான் அந்த மூட்டைகள் வந்தன. மருந்தே அடிக்காத ஒரு தோட்டத்துக் காய். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு, அங்கே சோதித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். வேறு காயோடு சேர்க்காமல் தனியாகப் பொறுக்கித் தனியாகக் கட்ட வேண்டும் என்று முதலாளி சுந்தரம்மாளிடம் சொன்னார். சுமை தூக்குகிற அழகுமலை ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு மூட்டையை இறக்கிக்கொண்டே போனான். சுந்தரம்மாள் வரிசையாக நின்று நின்று, "பழைய குவியலோட சேத்துறாதீங்கத்தா, இது வேற சரக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பொன்னுமணிக்கு முந்தின ஆள்வரைக்கும் சொன்னாள். பொன்னுமணி முன்னால் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. யாரிடம் சொல்லச் சொல்வது? ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு தாண்டிப் போய், அடுத்தவளிடமிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

சல்லடை மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் முந்தின ஆளுக்குச் சொன்னது இவளுக்கு எட்டவில்லை. ஆனால் மதினி நின்றதும், தாண்டியதும் கண்ணில் பட்டது. ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. கேட்டிருக்கலாம். "மதினி, இது எதோட சேக்குறது?" என்று கேட்டிருக்கலாம். சரி, அது அவள் தப்புதான், யார் இல்லை என்றார்கள்? அவள் தலையைத் தூக்கி மதினியைப் பார்த்தாள். மதினி சுவரைப் பார்த்தாள். முதலில் வாயைத் திறக்கிறவள் தோற்றவள் என்று இரண்டு பேருக்கும் நெஞ்சுக்குள் ஒரு கணக்கு. நேற்று மாதிரிதான் இன்றைக்கும் என்று பொன்னுமணி மூட்டையைப் பிரித்தாள், பழைய குவியலின் மேலேயே கொட்டினாள். கொட்டியதை மதினி பார்த்தாளா, பார்க்கவில்லையா? அதை மதினியிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தச் சரக்கு, சோதனையில் தேறாமல் திரும்பி வந்தது. முதலாளி குடோனின் நடுவில் வந்து நின்றார்.

"யாரு கலந்தது?"

எல்லாத் தலையும் பொன்னுமணி பக்கம் திரும்பியது.

"நான் எல்லாருகிட்டயும் சொன்னேன் தம்பி" என்றாள் சுந்தரம்மாள். "வரிசையா நின்னு சொன்னேன். இவங்களையே கேளுங்க."

"எனக்கு யாரும் சொல்லல தம்பி."

"சொல்லலைன்னா கேக்கணும்லக்கா? வாய் இருக்குல்ல? ஒங்க குடும்பச் சண்டையக் கொண்டாந்து என் சரக்குலயா கலப்பீங்க?"

பொன்னுமணி மதினியைப் பார்த்தாள். 'அவளுக்கு மட்டும் நான் சொல்லவில்லை' என்று மதினி ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுந்தரம்மாளும் அந்த வேலையில்தான் சாப்பிடுகிறவள், சொல்லவில்லை. பழிவாங்கினாள் என்கிற பேச்சு அன்று சாயங்கால பஸ்ஸிலேயே ஏறி ஊருக்கு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது சாடை. நேராகத் திட்டினால் பதில் சொல்லலாம். பூனையைத் திட்டுகிறவளுக்கு யார் பதில் சொல்வது? குடோனில் ஒரு பூனை உண்டு. "தின்ன எடத்துலயே அசிங்கம் பண்ற சென்மத்த நான்தானே கூட்டியாந்து விட்டேன்" என்று சுந்தரம்மாள் அதைப் பார்த்துச் சொல்வாள். அழகுமலையை நிறுத்தி வைத்து, "ஏப்பா, கண்ணு தெரியாத மாட்டக் கட்டி உழுதா வரப்பத்தானே ஒடைக்கும்?" என்பாள். அவன் வெள்ளந்தி. "எங்க வீட்டுல மாடே இல்லையேக்கா" என்பான். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

போகப் போக, எது தனக்கு, எது தனக்கில்லை என்று பொன்னுமணிக்குப் பிரித்தறிய முடியவில்லை. ஒருநாள் சுந்தரம்மாள் தலைக்கு மேலிருந்த மின்விசிறியைப் பார்த்து, "இது இருந்தும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்றாள். பொன்னுமணியின் கண்ணீர் சொளகில் விழுந்தது. உண்மையில் விசிறிதான் பழுது. மறுநாள் எலக்ட்ரீசியன் வந்து கழற்றிக்கொண்டு போனான். அப்படி ஆகிவிட்டது அவள் நிலைமை.

கையும் போய்விட்டது. ஒரு காயை எடுப்பாள். பச்சைதானே? பச்சைதான். போடுவாள். போட்டதை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பாள். முதுகுக்குப் பின்னால் மதினியின் வளையல் சத்தம் கேட்டால் விரல் விறைத்துக்கொள்ளும். மற்றவர்கள் இரண்டாவது குவியலுக்குப் போகும்போது இவள் முதல் குவியலில் பாதியில் இருப்பாள். அவசரப்பட்டு ஓட்டினால் கறுத்த காய் நல்ல காயில் போய்க் கிடக்கும். சாயங்காலம் மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவள் ஒருத்தி குனிந்தபடி இருப்பாள்.

வீட்டில் அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் வேடிக்கை. ரேஷன் அரிசியைச் சொளகில் போட்டு, சுருளியோடு பேசிக்கொண்டே கல்லும் நெல்லும் பொறுக்கி எறிவாள். சுருளி கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இந்தக் கைக்கு என்னடி கேடு? இங்க ஓடுது, அங்க ஏன் ஓடல?" என்றான்.

"இங்க நீ என்னைப் பாத்துப் பேசுற" என்றாள் பொன்னுமணி.



முதலாளி ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட பிள்ளை இல்லை. "அக்கா, நீங்க முன்ன இப்பிடி இல்ல. இன்னும் கொஞ்ச நாளு பாப்பேன். இதுக்கு மேல ஒரு தடவ கலந்துச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன். கோவிச்சுக்காதீங்க."

அதைக் கேட்ட பிறகு அவள் மானத்தை ஒதுக்கிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கொண்டு ராசிங்காபுரம் போனாள். அண்ணனின் புதுவீட்டை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள். திருப்பதி வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தா, வா வா, உள்ள வா" என்று பதறினார்.

பொன்னுமணி கேட்டுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாருங்க அது?"

"நம்ம பொன்னுமணி வந்திருக்கு."

அப்புறம் ஒன்றும் இல்லை. தட்டுமுட்டுச் சத்தம் கூட இல்லை. வீட்டுக்காரி 'வா' என்று சொல்லாத வீட்டுக்குள் எப்படிக் காலெடுத்து வைப்பது? திருப்பதி தோள் துண்டை எடுத்து முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார். "அவ அடுப்படியில சோலியா இருக்கா ஆத்தா, நீ உள்ள வாயேன்." ஒரு பஸ் போகிற நேரம் அவள் நின்று பார்த்தாள். பிறகு பழத்தையும் பூவையும் அண்ணன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அடுப்படியில் சுந்தரம்மாள் இவளுக்கும் சேர்த்து ஒரு காப்பி டம்ளரை எடுத்து வைத்திருந்தாள் என்று திருப்பதி பிற்பாடு சொன்னார். எடுத்து வைத்தாளே, வாயைத் திறந்தாளா?

மறுவாரம் மறுபடியும் மருந்தடிக்காத தோட்டத்துச் சரக்கு வந்து இறங்கியது.

அழகுமலை மூட்டைகளை இறக்கிக்கொண்டே போனான். இந்தத் தடவை இரண்டு விதச் சரக்கும் ஒன்றாக வந்திருந்தது. எல்லாம் ஒரே சாக்கு, ஒரே தையல். தோட்டத்துக்காரர் சொன்ன அடையாளம் சுந்தரம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் ஒவ்வொரு மூட்டையாகப் பார்த்து, "இத இங்க கொட்டு, அதத் தனியா வையி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மதினி வந்தாள். நின்றாள். தாண்டினாள்.

பொன்னுமணி எழுந்து நின்றாள்.

"மதினி."

குடோனில் அத்தனை பெண்களின் கையும் அப்படியே நின்றது. புதுவீடு கட்டிய நாளிலிருந்து அந்தச் சொல்லை அங்கே யாரும் கேட்டதில்லை.

"மதினி, இந்த மூட்டைய எங்க கொட்டட்டும்?"

சுந்தரம்மாள் திரும்பினாள். உதடு அசைந்தது. அவ்வளவு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன நினைத்தாளோ, முகத்தை வேறு பக்கம் திருப்பி, பொதுவாகச் சொன்னாள்: "யாரோ என்னமோ கேக்குறாங்க போல. யாராச்சும் சொல்லுங்கத்தா."

யார் சொல்வார்கள்? அது எந்தச் சரக்கு என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும், தப்பானால் தன் தலையில் விழும் என்று பயம். கருத்தம்மாள் என்று மூத்தவள் ஒருத்தி, "நீயே சொல்லிருத்தா சுந்தரம், பாவம் கேக்குறால்ல" என்று மெல்ல ஆரம்பித்தாள். சுந்தரம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். கருத்தம்மாளும் குனிந்துகொண்டாள்.

"மதினி, ஒன் கால்ல வேணாலும் விழுகுறேன். பால் காய்ச்சுறதுக்கு வராதது என் தப்புன்னே வச்சுக்க. வைய்யி, அடி, முன்ன மாதிரி குருட்டுச் சிறுக்கின்னு திட்டு. இது எதுன்னு மட்டும் என் மொகத்தப் பாத்துச் சொல்லிரு. எனக்கு வேற போக்கிடம் இல்ல மதினி."

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "என்னக்கா இது? இன்னும் என்ன நிக்கிறீங்க? மூட்டையப் பிரிங்க, கொட்டுங்க, லாரி நிக்குது."

"எங்க கொட்ட தம்பி?"

"சுந்தரம்மாக்காட்ட கேளுங்க."

பொன்னுமணி மதினியைப் பார்த்தாள். மதினியின் கண்ணில் நீர் நின்றது, அது பொய்யில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

பொன்னுமணி மூட்டையின் தையலில் கையை வைத்தாள். பிரித்து எங்கேயாவது கொட்டலாம். சரியாக விழுந்தால் இன்றைக்குத் தப்பலாம். நாளைக்கு இன்னொரு மூட்டை வரும். தப்பாக விழுந்தால் பழிகாரி என்கிற பேர் சாகும்வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். மூச்சு, மலையில் இழுத்த மாதிரியே இழுத்தது. தையலிலிருந்து கையை எடுத்தாள்.

"என்னால இத அவுக்க முடியாது தம்பி" என்றாள். "எதுன்னு தெரிஞ்சவங்க வந்து அவுக்கட்டும்."

சொளகைக் கவிழ்த்து வைத்தாள். சேலையில் ஒட்டியிருந்த காய்த்தோலைத் தட்டிவிட்டாள். இரண்டு பக்கமும் குனிந்திருந்த தலைகளுக்கு நடுவே நடந்து, வாசற்படியைத் தாண்டி, வெயிலில் இறங்கிப் போனாள்.